எதிர் வீட்டுக் குளியலறை

காலை ஏழு மணிக்கு என் கண்ணில் முதலில் பட்டது மேசையிலிருந்த வினாகிரிப் போத்தல். மூடியைத் திறந்ததும், தொண்ணூறுகளில் நாங்கள் அகதிகளாய் வந்து குடியிருந்த சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடியில், எங்கள் எதிர் வீட்டுக் குளியலறை மணந்தது.

அங்கே லொரெய்ன் அன்ரி இருந்தார். ஒஜிப்வே பழங்குடிப் பெண், பத்திரிகைப் படப்பிடிப்பாளர். குளியலறையை இருட்டாக்கி அங்கேயே படம் கழுவுவார்; அந்த மருந்துக்கும் வினாகிரி மணம்தான். சிவப்பு பல்ப் வெளிச்சத்தில், குழாய் சொட்டும் சத்தத்துக்கும் அவருடைய விசிலுக்கும் நடுவே, தொட்டிக்கு மேல் கட்டிய கொடியில் படங்கள் ஈரமாய்த் தொங்கும். தங்கள் நிலத்துக்காக வீதியை மறித்திருந்த அவரது ஊரவர்கள் அவற்றில் சீட்டாடுவார்கள், மீன் பொரிப்பார்கள், வயிறு குலுங்கச் சிரிப்பார்கள். பத்திரிகையில் அவர்களுடைய கோப முகங்கள் மட்டுமே வரும்.

ஒருமுறை எங்கள் கட்டடத்து அகதிக் குடும்பங்களைப் படமெடுக்கும் வேலை அவருக்கு வந்தது. அம்மா கூறைச்சேலையில் வந்து நின்றார்.

"பிள்ளை, அன்ரியிட்டச் சொல்லு. நான் அழுமூஞ்சியாப் பேப்பரில வந்தா யாழ்ப்பாணத்தில அக்கா சோறு தின்னமாட்டா."

நான் ஆங்கிலத்தில் சொன்னேன். பத்திரிகை ஆசிரியர் கேட்டிருப்பதே சோகமான முகம்தான் என்றார் அன்ரி.

"அப்ப உவரைத் தன்ர மனிசியை அழப்பண்ணிப் படமெடுக்கச் சொல்லு!"

அதையும் மொழிபெயர்த்தேன். அன்ரி கமெராவோடு குலுங்கிச் சிரிக்க, அவரைப் பார்த்து அம்மாவும் சிரித்துவிட்டார். அன்ரி விடாமல் படமெடுத்தார்.

அன்று கொடியில் தொங்கிய பல படங்களில் அம்மா களைத்துத்தான் தெரிந்தார். அம்மா சிரிக்கும் படத்தை மட்டும் அன்ரி பத்திரிகைக்கான உறையில் போட்டார். ஆசிரியர் வேறு படம் கேட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். மற்றவை பழுதாகிவிட்டன என்பேன் என்றார்.

சனிக்கிழமைப் பத்திரிகையில் அம்மா பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.