ஹஸனின் லொறிப் புகைக்கு ஒரு நாவல் மரம்

சாய்ந்தமருதில் ஹாஜறாவோடு கதைத்து வென்றவர் எவருமில்லை. கணவர் ஹஸன் காலமெல்லாம் நெல் லொறி ஓட்டியவர். அந்த லொறி தெருவால் வந்தால் வெள்ளைச் சட்டைக்காரரெல்லாம் கடைக்குள் ஒதுங்குவார்கள், அப்படிப் புகை. மரம் புகையைக் குடிக்கும் என்று மகள் நப்லா பள்ளிக்கூடத்தில் படித்துவந்து சொன்ன நாளிலிருந்து ஹாஜறா அவரைச் சீண்டத் தொடங்கினார்.

"நீங்க உட்ட புகைக்கு நான் ஒரு காடுதான் வெக்கோணும்."

ஹஸன் மவுத்தாகிக் கண்ணை மூடினார். ஜனாஸாவை அடக்க மையவாடிக்குப் பெண்கள் போவதில்லை. ஆண்கள் அடக்கி மூடிய கப்ரின் தலைமாட்டில் ஒரு பச்சைக் கொப்பை நட்டுவிட்டு வருவார்கள். அது சில நாளில் காய்ந்துவிடும். ஹாஜறா கொப்புக்குப் பதிலாக, பால்மா பைக்கற்றில் வளர்த்த நாவல் கன்றைக் கொடுத்தனுப்பினார். அது பிடித்துக்கொண்டது.

வருடங்கள் ஓடி, மையவாடி மதிலுக்கு மேலால் மரத்தின் தலை குசினியிலிருந்தே தெரிந்தபோது ஹாஜறாவுக்குக் கால் நிலத்தில் படவில்லை. மைனா வந்தது, குயில் வந்தது, இரவில் வௌவாலும் வந்தது. அவை தின்னும் ஒவ்வொரு பழமும் ஹஸனுக்கு நன்மையாகச் சேரும் என்று மனதார நம்பினார். மதிலுக்கு வெளியே விழுந்த பழங்களைப் பொறுக்கிக் கன்றாக்கினார். எவர் மவுத்தானாலும் அந்த வீட்டுக்கு ஒரு கன்று போனது.

அங்கேதான் கணக்குப் பிழைத்தது. கப்ருக்குக் கப்ர் மரம். புதிதாகத் தோண்ட மண்வெட்டி வைத்த இடமெல்லாம் வேர். பள்ளிவாசல் தலைவர் அப்துல் ஸமட் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார்.

"ராத்தா, எல்லா மரத்தையும் வெட்டத்தான் ஊர்ல சொல்றாங்க."

"நடுவுல நிக்கிறத மட்டும் வெட்டுங்க தம்பி. இனி நாவல் கண்டெல்லாம் மதிலோரமா நடுவம்."

"நடுவுல நிக்கிறது ஹஸன் மச்சான்ட மரந்தானே?"

"ஓம். அதத்தான் முதல்ல வெட்டோணும். இல்லாட்டி மத்தவங்க தங்கட மரத்த வெட்ட எப்படி உடுவாங்க?"

மேடை போட்டு, படம் பிடித்து மரம் நடுகிறவர்கள் மலிந்த காலம் இது. மரம் வெட்டக் கொடுத்துக் காட்டைக் காப்பாற்றியவர் இவர் ஒருவர்தான். வெட்டிய அன்று குசினியிலிருந்து பார்த்தால் மரம் நின்ற கடற்கரைப் பக்கம் வெறும் வானம். வாய்விட்டு அழுதார்.

அடுத்த ஜனாஸா அப்துல் ஸமட்டின் உம்மாவுடையது. கன்று கேட்டு அவரே வந்தார். ஹஸனின் மரத்துப் பழத்தில் முளைத்ததைக் கொடுத்தார் ஹாஜறா.

இன்று மதிலோரம் முழுக்க நாவல், கிளை கொள்ளாமல் பறவை.

"இப்ப காடுதானே ராத்தா?" என்று அப்துல் ஸமட் கேட்டார்.

"அவர் உட்ட புகைக்கு இது காணாது தம்பி, இன்னும் வெக்கோணும்" என்றபடி அடுத்த பைக்கற்றில் மண் நிரப்பினார் ஹாஜறா.