பதினாலு காலிக் கட்டங்கள்

கம்பெனியில் அவருக்குக் கிரீஸ் என்று பெயர். பதினெட்டு வருஷம் லிஃப்ட் மெக்கானிக். இரும்புக் கயிற்றுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இடது கை விரல் இரண்டைப் பறிகொடுத்த பிறகு, முதலாளி அவரை மேஜையில் உட்கார வைத்தார். விரல் போச்சு, பட்டப்பெயர் போகவில்லை.

எட்டாவதோடு படிப்பை மூட்டை கட்டியவர். எக்செல்லை மகளிடம் திட்டு வாங்கி வாங்கிக் கற்றுக்கொண்டார். வரிக்கு ஒரு லிஃப்ட். கடைசியாகச் சோதித்த தேதியை ஒரு கட்டத்தில் அடித்தால், பக்கத்துக் கட்டம் அதோடு நூற்றெண்பது நாளைக் கூட்டி அடுத்த தேதியைச் சொல்லும். அந்தத் தேதி தாண்டிவிட்டால் கட்டம் சிவக்கும். காலையில் மெக்கானிக்குகள் சிவப்பைப் பார்த்துத்தான் பையைத் தூக்குவார்கள். ஃபார்முலாவை அவரே போட்டார். அதில் அவருக்குக் கொஞ்சம் மிதப்பும் உண்டு.

எட்டு மாசத்துக்கு முன்னால், மூடிப்போன வேறொரு கம்பெனியின் பதினாலு லிஃப்டுகளை முதலாளி ஒப்பந்தம் பேசி எடுத்தார். லிஃப்ட் வந்தது, காகிதம் வரவில்லை. கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. தெரியாததை எழுதக்கூடாது என்று கிரீஸ் அந்தத் தேதிகளைக் காலியாக விட்டார். காலிக் கட்டத்தை எக்செல் பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டு நூற்றெண்பதைக் கூட்டியது. பதினாலு வரியிலும் 28 ஜூன் 1900 என்று வந்து, ரத்தச் சிவப்பாக நின்றது.

முதலாளி பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "என்னய்யா இது? என் தாத்தாவே அப்போ பொறக்கல. நாளைக்குக் கஸ்டமர் வந்து பார்த்தா சிரிப்பான். சரி பண்ணு."

கிரீஸ் சரி பண்ணினார். தேதி காலியாக இருந்தால் பக்கத்துக் கட்டத்தையும் காலியாகவே விடு என்று ஃபார்முலாவில் ஒரு நிபந்தனை சேர்த்தார். சிவப்பு மறைந்தது. அடியில் 'தாண்டியவை: 0' என்று வந்தது. முதலாளி டீ வாங்கிக் கொடுத்தார்.

அதோடு அந்தப் பதினாலும் வெள்ளையாகிப் போயின. வெள்ளையைப் பார்த்து எந்த மெக்கானிக் பையைத் தூக்குவான்?

நேற்று நாலு மணி டீ இடைவேளையில் அக்கா போன் பண்ணினாள். தையல் கம்பெனியில் ஆறாவது மாடியில் வேலை. முட்டி தேய்ந்தவள், படி ஏற முடியாது.

"டேய், எங்க லிஃப்ட் ஒரு சாண் கீழ போய் நிக்குதுடா. கால தூக்கி வெச்சுத்தான் வெளிய வர வேண்டியிருக்கு. நறநறன்னு சத்தம் வேற."

"புகார் குடுங்கக்கா. யாரு பாக்குறாங்களோ அவங்களுக்கு."

"யாருக்கா? உள்ள உன் கம்பெனி நம்பர்தான்டா ஒட்டியிருக்கு! பெரிய ஆபீசரு, ஒண்ணும் தெரியாத மாதிரி பேசுறான்."

அவர் சிரித்துக்கொண்டே போனை வைத்துவிட்டு ஷீட்டில் தேடினார். அறுபத்தோராவது வரி. தேதி காலி. அடுத்த தேதி காலி. சிரிப்பு நின்றது. மேலே தள்ளினார், கீழே தள்ளினார். பதினாலும் வெள்ளை. எட்டு மாசமாக ஒரு ஆள் எட்டிப் பார்க்கவில்லை.

மணி நாலு இருபது. ஐந்து மணிக்கு அக்கா கம்பெனி விடும். எட்டுப் பேர் லிஃப்டில் பன்னிரண்டு பேர் அடைத்துக்கொண்டு இறங்குவார்கள். திருப்பிப் போன் போட்டார். அடித்தது, எடுக்கவில்லை. வேலை நேரத்தில் அங்கே போனைப் பெட்டியில் வாங்கி வைத்துவிடுவார்கள். மெக்கானிக்குகள் ஊரின் அந்தக் கோடியில். அந்தக் கட்டிடங்களின் போன் நம்பர் எதுவும் ஷீட்டில் இல்லை; பதினாலு முகவரியையும் ஒரு தாளில் கிறுக்கிச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தார்.

வழியெல்லாம் சிக்னல் கழுத்தறுத்தது. வாசலில் காவலாளி, "இப்பத்தான் மேல போச்சுண்ணே, முதல் ஷிப்டு இறங்கப் போறாங்க" என்றான். கிரீஸ் எட்டு மாடி படியில் ஓடினார்.

மெஷின் அறையில் காலடியில் துருப்பொடி, செங்கல்லை இடித்துக் கொட்டியதுபோல். மோட்டார் சுற்றிக்கொண்டிருந்தது. கை மெயின் சுவிட்சுக்குப் போய், அப்படியே நின்றது. ஓட்டத்தில் கரண்டை வெட்டினால் பிரேக் தனியாகப் பிடிக்க வேண்டும். பிரேக் பிடிக்குமா என்பதுதானே கேள்வி. தானாக நிற்கும்வரை காத்திருந்தார்.

நின்றது. நின்ற பிறகும் சக்கரம் ஒரு விரக்கடை நகர்ந்தது. பிரேக்கின் பட்டை தேய்ந்து இரும்பு இரும்பைத் தின்றுகொண்டிருந்தது.

கதவு திறக்கும் சத்தம் கேட்டதும் சுவிட்சை இறக்கினார். படி வழியாகக் கத்தினார்: "எல்லாரும் வெளிய வாங்க! ஒருத்தரும் ஏறாதீங்க!"

ஆறாவது மாடியில் பத்துப் பதினோரு பெண்கள் முணுமுணுத்துக்கொண்டே வெளியே வந்தார்கள். கடைசியாக அக்கா.

"உனக்குப் பைத்தியமாடா? ஆறு மாடி இறங்கணுமா நான்? முட்டி என்ன உங்கப்பன் வீட்டு முட்டியா?"

"நம்ம அப்பன்தான்க்கா. கம்பியப் பிடிச்சுக்கிட்டு மெதுவா இறங்குங்க."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்க ஆரம்பித்தாள்.

திரும்ப மெஷின் அறைக்குப் போய்க் கயிற்றின் மேல் கைத்துணியை வைத்து இழுத்தார். பத்து இடத்தில் நூல் மாட்டியது. நாலு கயிற்றில் இரண்டு, அறுந்த கம்பிகள் முள்ளாக நீட்டிக்கொண்டு நின்றன.

முதலாளிக்குப் போன் போட்டார். "இன்னும் பதிமூணு இருக்கு. எல்லாத்தையும் இப்பவே நிறுத்தணும்."

"என்ன உளர்றே? பதிமூணையும் நிறுத்தினா நாளைக்கு எவன் நம்மள வெச்சுக்குவான்? ஷீட்டுல ஒண்ணும் சிவப்பு இல்லையே?"

"இல்ல. அத நான்தான் அழிச்சேன்."

"காலைல பேசிக்கலாம்" என்று முதலாளி போனைத் துண்டித்தார்.

கிரீஸ் சுவிட்சுக்குப் பூட்டுப் போட்டு, சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். தாளை எடுத்து முதல் முகவரியை அடித்தார். இரண்டாவது, பதினோரு மாடிக் குடியிருப்பு. மூன்றாவது, கண் ஆஸ்பத்திரி. எது மோசம் என்று சொல்ல அந்தத் தாளில் ஒரு தேதி கிடையாது.

மணி ஐந்து பத்து. வேலை விட்டு எல்லோரும் வீடு திரும்பும் நேரம். பதிமூன்று இடத்திலும் யாரோ பொத்தானை அழுத்திக்கொண்டிருப்பார்கள். குடியிருப்புதான் கிட்டத்தில் என்று ஸ்கூட்டரை உதைத்தார். முதல் உதைக்கு அது கிளம்பவில்லை.