அடுத்த ஞாயிறு வரை பொறுக்காத உம்மா

மண்ணெண்ணெய் கிடைக்காமல் படகுகள் கரையிலேயே கிடந்தனவே, அதற்கு அடுத்த வருடம் கண்டக்குழியில் நடந்தது இது. கருவாட்டு வாடியில் உம்மா, எனக்கு மூத்தவளான ராத்தா, நான் மூன்று பேரும் மீன் வெட்டி உப்புப் போடுவோம். ராத்தாவின் மாப்பிள்ளை காய்ச்சலில் மௌத்தாகி, சின்ன மகனோடு அவள் எங்களிடமே வந்துவிட்டாள். கற்பிட்டியில் கடை வைத்திருந்த ஒருவர் அவளை நிக்காஹ் செய்யக் கேட்டு, பதிலுக்குக் காத்திருந்தார். ராத்தாவுக்கும் விருப்பம்தான். உம்மாதான் பிடி கொடுக்கவில்லை. "பேரப்புள்ளைய இன்னொருத்தன் எப்பிடிப் பாப்பானோ" என்று ஒரே கதை. வாப்பா சொல்லியும் கேட்கவில்லை, நான் சண்டை போட்டும் கேட்கவில்லை. உம்மாவோடு மல்லுக்கட்டுவதைவிடத் திருக்கை மீனோடு மல்லுக்கட்டலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கு விரலில் கத்தி பட்டுவிட்டது. அதில் உப்புப் பட்டால் உயிர் போகும். "சும்மா இரிக்காம எதையாச்சும் வாசி" என்றார் உம்மா. வாப்பா வாங்கிவந்த பத்திரிகையில் தொடர்கதை ஒன்று புதிதாகத் தொடங்கியிருந்தது. மலையகத்தில் கணவனை இழந்த ஒரு பெண், அவளுடைய மறுமணத்தை மறிக்கும் தாய். சத்தியமாக, நான் தேடி எடுத்து வாசிக்கவில்லை.

பாதியிலேயே உம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன மனுசி இவ? இவ மௌத்தாப் போனா அந்தப் புள்ளைக்கு ஆரு தொணை?" என்று ஏசினார். ஏசிய பிறகுதான் அது அவருக்கே கேட்டிருக்க வேண்டும். ராத்தா தலை நிமிரவில்லை. ஒரே மீனில் உப்பை அள்ளி அள்ளித் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"மிச்சத்த வாசி."

"அவ்வளவுதான் உம்மா. இனி அடுத்த ஞாயிறுதான் வரும்."

உம்மா எழுந்து கையைக் கழுவினார். "அது வரைக்கும் பொறுக்க ஏலாது. அவங்களுக்குப் போன்ல கோல் எடுத்து வரச் சொல்லு."

"ஆருக்கு?" என்று நான் கேட்டிருக்கக் கூடாது. நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

கற்பிட்டிக்காரரோடு ராத்தாவின் நிக்காஹ் நல்லபடியாக நடந்தது. தொடர்கதையைக் கடைசி வாரம் வரை உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அதில் அந்தத் தாய் இறங்கி வரவே இல்லை, மகள் தனியாகவே நின்றுவிட்டாள். உம்மா அழுதழுது எழுதியவரை ஏசித் தீர்த்தார். அந்த நேரம் வெளியே மச்சான் ராத்தாவின் மகனைத் தோளில் ஏற்றிக்கொண்டு, கருவாட்டுக்கு வந்த காகங்களை விரட்டிக்கொண்டிருந்தார்.

நாங்கள் நேரே சொல்லிக் கேட்காத உம்மா, காகிதத்தில் இருந்த ஒருத்தியின் பிடிவாதத்தைப் பார்த்துத் தன் பிடிவாதத்தை விட்டார். கதை வாசித்து என்ன கிடைக்கும் என்று யாராவது கேட்டால், தோளில் இருந்தபடி அந்தப் பிள்ளை சிரித்த சிரிப்புத்தான் எனக்கு இன்றும் காதில் கேட்கிறது.