பலாலியிலிருந்து வர வேண்டியவர்

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒரு மணித்தியாலம். லண்டனிலிருந்து பதினொரு மணித்தியாலத்துக்குக் கிட்ட. என் கல்யாணத்துக்கு லண்டனிலிருந்து வரவேண்டிய மாப்பிள்ளை நேரத்துக்கு வந்து சேர்ந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வரவேண்டிய அப்பா வரவில்லை.

போரால் யாழ்ப்பாணத்துத் தரைப்பாதை மூடியிருந்த காலம் அது. அம்மாவும் நானும் முன்னதாகவே கொழும்புக்கு வந்து வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்க ஒழுங்கையொன்றில் வாடகைக்கு இருந்தோம். அப்பாவுக்கு இராணுவ அனுமதியும் பயணச்சீட்டும் கிடைத்துவிட்டன. அதற்குப் பிறகு எங்கோ குண்டு வெடித்தது. யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்திலிருந்து விமானங்கள் நின்றுபோயின.

அப்பா தொலைபேசியில் பேசினார்.

“பிளேன் இல்லையாம் பிள்ளை. கப்பலுக்குப் பதிஞ்சிருக்கிறன். நீங்கள் பாத்துக்கொண்டு இருக்காதேங்கோ, கலியாண நாளைத் தள்ளவும் வேண்டாம்.”

மாப்பிள்ளைக்கு லீவு குறைவு. தள்ளவும் முடியாது. அம்மாவின் அண்ணனான மாமாவும் மாமியும் என்னைத் தாரைவார்த்துக் கொடுத்தார்கள். மாப்பிள்ளையின் ஆட்கள் கொட்டாஞ்சேனையிலிருந்து வான் பிடித்து வந்து, சோதனைச் சாவடி மூடுவதற்குள் போக வேண்டுமென்று சாப்பிட்ட கையோடு புறப்பட்டார்கள்.

சில நாள் கழித்து ஒரு பிற்பகல் அப்பா வந்தார். திருகோணமலை வரை கப்பல், அங்கிருந்து பஸ். வழியெல்லாம் சோதனைக்கென்று இறக்கி ஏற்றியிருக்கிறார்கள். கப்பல் ஆட்டத்தில் சத்தியெடுத்தே களைத்திருந்தார்.

“தாலி ஆர் எடுத்துக் குடுத்தது?” என்று அம்மாவைக் கேட்டார்.

“அண்ணைதான்.”

“நல்லது.”

அப்பா குளித்துவிட்டு, கல்யாணத்துக்கென்று வாங்கிய பட்டு வேட்டியைக் கட்டிக்கொண்டு முன் அறையில் வந்து உட்கார்ந்தார்.

என் கணவர் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே வந்து தன் கல்யாண வேட்டியை எடுத்தார்.

“கூறைச் சேலையைக் கட்டுங்கோ,” என்றார்.

“இப்பவோ?”

“ஓம். அவர் இன்னும் கலியாணம் பாக்கேல்லைத்தானே.”

அதுவரை அவர் எனக்கு அநேகமாக அந்நியர். மறுபேச்சில்லாமல் கட்டிக்கொண்டேன். மேளமும் இல்லை, ஐயரும் இல்லை. அப்பா என் கையைப் பிடித்து அவர் கையில் வைத்தார். விடுவதற்கு நேரமெடுத்தது. அம்மா அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போய்விட்டாள்.

பிறகு அப்பா மருமகனைப் பக்கத்தில் இருத்தி, லண்டன் விமானப் பயணத்தைப் பற்றி விசாரித்தார்.

“பதினொரு மணித்தியாலம் ஒரே இடத்திலயோ? கால் வீங்காதோ தம்பி?”

“எழும்பி நடக்கலாம் மாமா.”

“பிளேனுக்குள்ள நடக்க விடுவாங்களோ?”

அந்தக் கிழமை முடியுமுன்னமே என் கணவர் லண்டன் போனார். எனக்கு விசா வர மாதங்கள் ஆயின. அப்பா விமானங்கள் மறுபடி ஓடும்வரை எங்களோடு இருந்துவிட்டு, கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானையில் விமானம் ஏறினார். அதுதான் அவருடைய முதல் விமானப் பயணம். போய்ச் சேர்ந்ததும் தொலைபேசியில் சொன்னார்:

“வாயில போட இனிப்பு ரொபி ஒண்டு தந்தவங்கள் பிள்ளை. அது கரைஞ்சு முடியிறதுக்குள்ள இறங்கச் சொல்லிப்போட்டாங்கள்.”