கீழ்மடை விடுதலையும் ஒரு வேப்பங்கொத்தும்

"மேற்படி நபர் பாசனக்காரர்களைப் பிரிவினைக்குத் தூண்டுபவர், ஷட்டர் சாவியைக் கைப்பற்றி வைத்திருப்பவர், மிரட்டும் சுபாவம் உள்ளவர். இவர் மீது இனியொரு புகார் வந்தால் கடும் நடவடிக்கை எடுக்கப்படும்."

மார்கழியில் பாசன அலுவலகத்திலிருந்து வந்த நோட்டீஸ் கருத்தக்கண்ணனை இப்படி வர்ணித்தது. அதில் வயது ஐம்பத்தெட்டு என்று போட்டிருந்தது மட்டும் சரி. மற்றபடி, வீட்டில் குக்கர் மூன்றாவது விசில் அடித்து அடங்கும்வரை அவர் வாசலில்தான் நிற்பார். வேட்டைநாய்க்குப் பேர்போன கோம்பையில் வேலை இருந்தால், அந்த நாய்களின் பெயருக்கே பயந்து, பஸ் ஸ்டாப்பிலேயே நின்றுகொண்டு போன் போட்டு ஆளை வரச் சொல்வார்.

நோட்டீஸை உரக்கப் படித்தது அவர் மனைவி ராஜாத்தி. "மிரட்டும் சுபாவமாம்ல! இங்கேருங்க, அந்தக் குக்கரைக் கொஞ்சம் மிரட்டிட்டு வாங்க."

கருத்தக்கண்ணன் சிரிக்கவில்லை. நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். சட்டை மாற்றும்போதெல்லாம் அதுவும் பை மாறியது.

சின்னமனூருக்குக் கீழே ஒரு கிளைவாய்க்கால். தலைப்பில் மேமடை, வாலில் கீழ்மடை. கீழ்மடைக்கு இருபத்திரண்டு வருஷமாக மடைக்காரர் இவர். யார் முறையோ அவர் வயலுக்கு ஷட்டரைத் திறப்பதும், நேரம் முடிந்தால் மூடுவதும் வேலை. திறந்ததும் ஷட்டரைத் தூக்கும் சக்கரத்தில் ஒரு வேப்பங்கொத்தைக் கட்டுவார். கொத்து தொங்கும்வரை அவரைத் தவிர வேறு யாரும் சக்கரத்தைத் தொடக்கூடாது. இது எங்கும் எழுதப்படாத விதி. அதனால்தான் யாரும் மீறவில்லை. எழுதி வைத்திருந்தால் மறுநாளே ஓட்டை கண்டுபிடித்திருப்பார்கள்.

இந்தப் பள்ளத்தாக்கின் தண்ணீரே மலைக்கு அந்தப்பக்கத்து ராஜாவோடு வெள்ளைக்கார அரசு போட்ட ஒப்பந்தத்தில் வருகிறது. ஒப்பந்தம் 999 வருஷத்துக்கு. போட்டவர்கள் அறுபத்தோராவது வருஷத்தில் கப்பலேறிவிட்டார்கள். தங்கள் ஆயுளைப் பற்றி சாம்ராஜ்யங்களுக்கு இருக்கும் நம்பிக்கை ஜோசியர்களுக்குக்கூடக் கிடையாது. தை பிறந்தால், வெள்ளையனை விரட்டிய கதையைப் பேசும் அதே வாய்கள், அணை கட்டிய வெள்ளைக்கார இன்ஜினியரின் படத்துக்கு முன்னால் பொங்கலோ பொங்கல் என்கின்றன. இரண்டும் மனமாரத்தான்.

இரண்டு மடைக்கும் பொதுவாக இருந்த மேமடைச் சங்கமும் ஒரு சின்ன சாம்ராஜ்யம். வைகாசியில் வாய்க்கால் முழுதும் மண்ணள்ளுவது கீழ்மடை. நாற்காலியில் உட்கார்ந்து தீர்மானம் போடுவது மேமடை. பசியினாலும் வரியினாலும் காலனிகள் பிரிகின்றன என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். கீழ்மடை காய்ந்து கிடந்த வருஷங்களில் பிரியவில்லை. தண்ணீர் ஓரளவு ஒழுங்காக வந்த வருஷத்தில், ஒரு செல்ஃபியால் பிரிந்தது.

மண்ணள்ள வருகிறவர்கள் வாய்க்காலுக்குள் நின்று செல்ஃபி எடுத்து வாட்ஸப் குரூப்பில் போட வேண்டும், போடாதவருக்கு முறை கிடையாது என்று மேமடை உத்தரவிட்டது. கூட்டத்தில் முதலில் எழுந்தது ஜோதிலட்சுமி. கடைசி வயல்காரி, புருஷன் இல்லாமல் அறுபது சென்ட்டைத் தனியே பார்ப்பவள்.

"நாப்பது வருஷமா எங்க முதுகப் பாத்தீக. இப்ப மூஞ்சியப் பாக்கணுமாக்கும்? காட்ட முடியாது."

அந்த வாக்கியத்தில் கீழ்மடை விடுதலை அடைந்தது. ஆனியில் தனிச்சங்கம். பேச்சு நன்றாக வரும் என்பதால் உரக்கடை விஜய்பாண்டி தலைவர். சாவி கருத்தக்கண்ணனிடம், பயந்தவன் கையில் சாவி பத்திரம் என்று எல்லோருக்கும் தெரியும். சாவி வைத்திருப்பவர்தான் தலைவர் என்று எண்ணி மேமடை புகார் கொடுக்க, அலுவலகமும் அப்படியே எழுதியது.

மேமடைக்காரர்கள் ஷட்டரில் கை வைத்துவிடுவார்களோ என்று விஜய்பாண்டி கோம்பையிலிருந்து ஒரு நாய் வாங்கிவந்து சக்கரத்துக்குப் பக்கத்தில் சங்கிலி போட்டுக் கட்டினார். பெயர் செவலை. சங்கிலி முழுதாக நீண்டாலும் சக்கரத்துக்கு இரண்டு முழம் எட்டாது என்று கருத்தக்கண்ணன் கண்ணால் அளந்து வைத்திருந்தார். அவருடைய பிழைப்பு முழுவதும் அந்த இரண்டு முழத்தில் நடந்தது.

புரட்டாசியில் புதுச்சங்கத்தின் முதல் தூர்வாரல். விதிகளை யாரும் புதிதாக எழுதவில்லை. பழைய தாளில் மேமடை என்பதை அடித்துக் கீழ்மடை என்று போட்டார்கள். செல்ஃபியும் இருந்தது.

"அவுக கேட்டே காட்டல, நீ கேட்டாக் காட்டணுமாடா?" என்றாள் ஜோதிலட்சுமி.

அவள் போடவும் இல்லை. விஜய்பாண்டி அதை மனசில் குறித்துக்கொண்டார். தை பிறந்து, நெல் பால் பிடிக்கும் நேரத்தில் ஷட்டருக்கு வந்தார்.

"பெரியப்பா, அந்தம்மாவுக்கு இனி முறை இல்ல."

"கதிரு பால் பிடிக்கிற நேரம்ப்பா."

"அதுக்குத்தேன் இப்பச் சொல்றேன். நாத்துல சொன்னா உறைக்காது."

"சங்கத்துல எல்லாரும் சொன்னாகளா?"

"சங்கம்னா இப்ப நாந்தேன. தொறந்தீகன்னா நானே கம்ப்ளைன்ட் எழுதிப் போடுவேன். பையில இருக்க நோட்டீசை இன்னொருக்காப் படிச்சுப் பாருங்க." செவலையின் தலையைத் தடவினார். "இவன் வேற சங்கிலியிலயே கெடந்து சலிச்சுப் போய்ட்டான்."

எந்த அலுவலகத்திடமிருந்து விடுதலையைக் காக்க வேண்டுமோ, அந்த அலுவலகத்தையே துணைக்கு அழைக்கும் தலைவரைக் கருத்தக்கண்ணன் பார்த்துக்கொண்டே நின்றார். கை சட்டைப்பையைத் தொட்டது.

ஜோதிலட்சுமி முறையன்று அவர் காய்ச்சல் என்று படுத்துவிட்டார். மதியத்துக்குள் காய்ச்சல் நிஜமாகவே வந்தது. பயம் அந்த அளவுக்கு ஒத்துழைத்தது.

மறுநாள் ஜோதிலட்சுமி அவர் வீட்டுக்கு வந்தாள். சத்தம் போடவில்லை. ஒரு கதிரை நீட்டி, ஒரு மணியை நகத்தால் நசுக்கிக் காட்டினாள். ஒன்றும் வரவில்லை.

"பதருண்ணே. இன்னும் பாதி பச்சையாத்தேன் இருக்கு. அடுத்த முறை செவ்வாக்கெழம. அன்னிக்கும் காச்சலா?"

அவள் கதிரை வாசற்படியில் வைத்துவிட்டுப் போனாள். அதை எடுக்கவும் பயம், மிதிக்கவும் பயம். ஆறு நாள் தாண்டித் தாண்டி நடந்தார். எங்காவது ஜீப் சத்தம் கேட்டால், அலுவலகத்து ஜீப்போ என்று கொல்லைக்குப் போனார்.

செவ்வாய் காலை சைக்கிளை எடுத்தார், ஸ்டாண்ட் போட்டார், மறுபடி எடுத்தார்.

"இத்தன வருஷத்துல குக்கர் வெடிச்சு நான் சாகல," என்றாள் ராஜாத்தி. "நாய் கடிச்சு நீங்க மட்டும் சாகப்போறீகளாக்கும்? போங்க."

அவர் வேப்பங்கொத்து இரண்டு ஒடித்துக்கொண்டார், ஒன்று கைதவறி விழுந்தால் இன்னொன்று வேண்டுமே. விழத்தான் செய்தது. சக்கரம் கிறீச்சிட்டதும் செவலை சங்கிலியை இழுத்துக் குரைத்தது. மிச்சமிருந்த கொத்தைச் சக்கரத்தில் கட்டினார். வரப்புகளில் ஆட்கள் சேர்ந்தார்கள். சிலர் போனில் படம் பிடித்தார்கள். கிட்ட யாரும் வரவில்லை.

விஜய்பாண்டி பைக்கில் வந்தார். இறங்கியதும் செவலையை அவிழ்த்துச் சங்கிலியைக் கையில் பிடித்தார். இரண்டு முழம் போய்விட்டது.

"கொத்த அவுங்க, பெரியப்பா."

"நீயே அவுத்துக்கப்பா." கருத்தக்கண்ணன் சக்கரத்தை விட்டு நகராமல் கண்ணை மூடிக்கொண்டார்.

விஜய்பாண்டியின் கை சக்கரம்வரை போனது. காகிதத்தில் இருந்த எந்த விதியையும் அவரால் அடித்துத் திருத்த முடிந்திருந்தது. இந்த விதி காகிதத்தில் இல்லை. கை கொத்துக்கு ஒரு சாண் முன்னால் நின்று, திரும்பி, மீசையைத் தடவிக்கொண்டது. செவலை அவரை இழுத்துக்கொண்டு வாய்க்காலில் இறங்கித் தண்ணீர் குடித்தது.

"இப்பவே போய் எழுதிப் போடுறேன்," என்றார்.

"போடுப்பா," என்றார் கருத்தக்கண்ணன், கண்ணைத் திறக்காமல்.

சொன்னபடி போட்டார். நடவடிக்கைக்கு முன் மாசியில் விசாரணையாம். இரண்டாவது நோட்டீஸும் அதே சட்டைப்பையில்தான் இருக்கிறது. புதுச்சங்கத்தைப் பிளக்க முயல்பவர் என்று அதில் எழுதியிருக்கிறது. ஜீப் சத்தம் கேட்டால் அவர் இன்னும் கொல்லைக்குத்தான் போகிறார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குக் கருத்தக்கண்ணன் ஷட்டரைத் திறந்தார். ஜோதிலட்சுமி வயலுக்கு மூன்று மணி நேரம் தண்ணீர் விட்டார். இரண்டு மணிக்கு மூடி, கொத்தை அவிழ்த்துவிட்டு வீட்டுக்குப் போனார்.