வறண்ட ஊரில் ஒரு தோணித்துறை

வெளிநாட்டுப் படங்களுக்குத் திரையின் அடியில் ஓடும் வசனவரியைப் பர்மிய மொழியில் எழுதுவது ஆன்மேரியின் வேலை. பதினெட்டு வருஷமாக அதுதான் சோறு போடுகிறது. பர்மாவில், தாகேதா என்ற பேட்டையில் மாடிவீடு, துணைக்கு எழுபத்தெட்டு வயதுத் தாயார் தெரேசா. கல்யாணப் பேச்சு இரண்டு தடவை வந்தது, இரண்டு தடவையும் தட்டிப்போனது. அதற்காக அவள் மூக்கைச் சிந்தி யாரும் பார்த்ததில்லை. வேலையில் மட்டும் ஒரு பிடிவாதம் உண்டு. கதையாக இருந்து படமானது என்றால், புத்தகத்தை முழுக்க வாசிக்காமல் படத்தைத் தொடமாட்டாள்.

போன மழைக்காலத்தில் கம்பெனி அவளிடம் ஒரு புத்தகத்தைக் கொடுத்தது. இங்கிலீஷில் இரண்டு மூன்று தலைமுறைப் பிள்ளைகள் வாசித்த விஞ்ஞான மாயக்கதை. ஆன்மேரி கேள்விப்பட்டதே இல்லை. வானிலை நிலையக் காவலரின் இரட்டைப் பையன்கள் பழைய மழை இயந்திரம் ஒன்றைப் பழுதுபார்க்கிறார்கள். அது அவர்களை எண்பது வருஷமாக மழையே பெய்யாத ஓர் ஊரில் கொண்டுபோய் இறக்கிவிடுகிறது. படம் தியேட்டருக்கு வர இரண்டு மாதம் இருந்தது.

மத்தியானம் ஒரு மணிக்குக் கரண்ட் போனதும் ஜன்னலோரம் உட்கார்ந்து வாசிக்க ஆரம்பித்தாள். முப்பதாவது பக்கத்தில் ஒரு கிழவி பையன்களுக்குத் தண்ணீர் கொடுக்கிறாள். வெறும் குவளை. "குடித்த மாதிரி நடியுங்கள், இல்லாவிட்டால் அவர்களுக்குக் கோபம் வரும்" என்கிறாள். பக்கத்தைத் திருப்பும் முன்பே ஆன்மேரிக்கு அந்த வரி தெரிந்துவிட்டது. அதுவும் தமிழில். அடுத்த வரியும் அப்படியே வந்தது, அதற்கடுத்ததும். ஓரிடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வாய்விட்டுச் சொன்னாள். திறந்து பார்த்தால், அவள் சொன்னதேதான் இங்கிலீஷில் அச்சாகி இருந்தது.

சாயங்காலம் துணி மடிக்கும்போதுதான் அது யாருடைய குரல் என்று பிடிபட்டது. அக்கா ஏஞ்சலா. அந்தக் காலத்தில் அவர்கள் ஆற்றோரத்துக் க்யிம்யிண்டைங்கில் குடியிருந்தார்கள். மாதா கோவில் அலமாரியிலிருந்து ஏதோ ஒரு இங்கிலீஷ் புத்தகத்தை எடுத்துவந்து, மடியில் வைத்துப் பக்கம் பக்கமாகத் திருப்பித் தங்கைக்குக் கதை சொல்வாள். அவளுக்குப் பதிமூன்று வயது, ஆன்மேரிக்கு எட்டு. ஒரு சனிக்கிழமை இருவரும் அக்கரைக்குப் போவதாக இருந்தது. ஆன்மேரிக்குக் காய்ச்சல் கண்டதால் ஏஞ்சலா மட்டும் தோணி ஏறினாள். தோணி கவிழ்ந்தது. மற்ற எல்லோரையும் உயிரோடு தூக்கிவிட்டார்கள். ஏஞ்சலா உடலாகக்கூடத் திரும்பவில்லை. அதற்குப்பிறகு அந்த வீட்டில் யாரும் அவள் பேரை எடுத்ததில்லை.

அக்கா சொன்ன கதையில் ஆன்மேரிக்கு மிகவும் பயமான இடம் தோணித்துறை. வறண்ட ஊருக்கு நடுவே திடீரென்று ஓர் ஆறு ஓடும். கரையில் தலை நனைந்த ஒரு பெண்பிள்ளை நிற்பாள். "தோணிக்காரன் பேரைக் கேட்டால் உன் பேரைச் சொல்லாதே, என் பேரைச் சொல்லு" என்பாள். புத்தகத்தில் ஆன்மேரி அந்த இடத்தைத் தேடினாள். கடைசிப் பக்கம்வரை தேடினாள். ஆறும் இல்லை, தோணியும் இல்லை, பெண்பிள்ளையும் இல்லை.

அக்காவே இட்டுக்கட்டியிருப்பாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். ஆனாலும் பொறுக்கவில்லை. "அம்மா, ஏஞ்சலா எனக்கு இங்கிலீஷ் கதைப் புத்தகம் வாசிப்பாளே, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாள்.

தெரேசா வெங்காயம் உரிப்பதை நிறுத்தினாள். முப்பத்தொன்பது வருஷத்தில் அந்தப் பேர் முதல் தடவையாக அந்த அடுப்படியில் விழுந்தது.

"அவளுக்கு ஏதுடி இங்கிலீஷ்? ஏபிசிடியே தடுமாறுமே. அப்பா அடிச்சு அடிச்சுச் சொல்லிக்கொடுத்தும் வரலை. படம் பார்க்கத்தான் புத்தகத்தைத் தூக்கிட்டு வருவா."

ஆன்மேரி உள்ளே போய்க் கம்பெனி கொடுத்த புத்தகத்தை முதலிலிருந்து புரட்டினாள். அந்தப் புத்தகத்தில் ஒரு படம்கூடக் கிடையாது.

அடுத்த மாதம் படம் கம்பெனிக்கு வந்தது. சரிபார்க்கும் வேலை இன்ஷாவுக்கு. இருபத்தாறு வயது, தமிழ் புரியும், பேச வராது, பேச்செல்லாம் பர்மிய மொழியில்தான். ஒரு மணி நேரம் ஓடியிருக்கும். திரையில் வறண்ட தெரு பிளந்து ஓர் ஆறு வந்தது. கரையில் ஒரு பெண்பிள்ளை, தலையெல்லாம் ஈரம். அவள் நேராகத் திரையிலிருந்து வெளியே பார்த்தாள். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

ஆன்மேரியின் விரல்கள் தாமாகவே அக்கா சொன்ன அந்தத் தோணிக்காரன் வரியைத் தட்டின.

"மமா, வசனப் பட்டியலில் இந்த இடத்தில் ஒன்றுமே இல்லையே?" என்றாள் இன்ஷா. அவளுக்கு ஆன்மேரி மமா, அதாவது அக்கா.

"வாய் அசையுதே, பாரு."

இன்ஷா பின்னால் ஓட்டிப் பார்த்தாள். மறுபடியும் ஓட்டினாள். மூன்றாம் தடவை நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். "ஆமாம், அசையுது" என்றாள் மெல்ல. படத்தை அனுப்பியவர்களுக்கு எழுதிக் கேட்டார்கள். மறுநாளே பதில் வந்தது. அந்தக் காட்சியில் வசனம் கிடையாது. பிள்ளை வாயை மூடிக்கொண்டுதான் நிற்கிறாள். படத்துக்காகப் புதிதாகச் சேர்த்த காட்சி அது.

ஆன்மேரி வரியை அழித்தாள். படத்தில் இல்லாததைத் தன் கையால் எழுதிச் சேர்க்க அவளுக்கு மனம் ஒப்பவில்லை.

படம் வெளியான வாரம் தாயாரையும் கூட்டிக்கொண்டு காலைக் காட்சிக்குப் போனாள். தோணித்துறையைப் பற்றி அவள் தாயாரிடம் மூச்சுவிட்டதில்லை. தெரேசாவுக்குப் பர்மிய எழுத்து ஓடும் வேகத்தில் வாசிக்க வராது. சும்மா வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு வந்தது. பெண்பிள்ளை வந்து நின்றாள். கீழே வெறும் கறுப்பு, ஒரு எழுத்தும் இல்லை. தெரேசா முன்னால் சாய்ந்தாள். மகள் கையை இறுக்கிப் பிடித்தாள். பிறகு, பக்கத்து அறையிலிருந்து கூப்பிட்ட பிள்ளைக்குப் பதில் சொல்வதுபோல, "சரிடி, உன் பேரையே சொல்றேன்" என்றாள்.

ஆன்மேரி தாயார் பக்கம் திரும்பவில்லை. திரும்ப அவளுக்குத் துணிவு வரவில்லை.

வெளியே வெயிலில் கண் கூசியது. பஸ் வரும்வரை, மீன்குழம்பில் சேமியா போட்டுத் தரும் மொஹிங்கா கடையில் உட்கார்ந்தார்கள். தெரேசா ஒரு கிண்ணம் முழுவதையும் சாப்பிட்டு, இன்னொன்று கேட்டாள். அது வருவதற்குள், யாரும் கேட்காமலே, ஏஞ்சலா அந்தச் சனிக்கிழமை போட்டிருந்த மஞ்சள் சட்டையைப் பற்றியும், அதில் ஒரு பொத்தான் தைக்க மறந்துபோனதைப் பற்றியும் சொல்ல ஆரம்பித்தாள்.