கத்தியைத் தொடாத கூட்டம்

என் உடம்பை வைத்து நிகழ்ச்சி செய்வதுதான் என் தொழில். மேடை கிடையாது, வசனம் கிடையாது. பார்க்க வருகிறவர்கள் என்னை என்ன செய்கிறார்களோ, அதுதான் நிகழ்ச்சி. சென்னையில் பல இடங்களில் செய்திருக்கிறேன். பொன்னேரிப் பக்கம் சொந்த ஊரான கோட்டைக்குப்பத்தில் செய்தது ஒரே ஒரு முறை.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம்; ஊர் ஏரியில் மீன் பிடிக்கப் போய், தன் வலையிலேயே சிக்கி இறந்தவர். அவர் கிடந்ததைப் போலவே நானும் வலையைச் சுற்றிக்கொண்டு, விடிந்ததிலிருந்து உச்சிவெயில் வரை கரையில் கிடப்பது என்று முடிவு செய்தேன். பக்கத்தில் ஒரு கத்தி. விரும்பியவர்கள் வலையை அறுத்து என்னை விடுவிக்கலாம். நான் பேசக்கூடாது, அசையக்கூடாது. அண்ணனிடம் சொல்லவில்லை. கடலுக்குப் போயிருப்பான் என்று நினைத்தேன்.

சென்னையிலிருந்து சிலர் ரயிலேறி வந்திருந்தார்கள். ஊர்க்காரர்களும் சூழ்ந்து நின்றார்கள். யாரும் கத்தியைத் தொடவில்லை. ஒருவன் காலால் என் தோளைத் தட்டிப் பார்த்தான். இன்னொருவன் செத்த கெளுத்தி மீனை முகத்தில் எறிந்தான். அதன் முள் கன்னத்தைக் கிழித்தது. சிரித்தார்கள். வெயில் ஏற ஏற நைலான் நூல் தோலுக்குள் இறங்கியது.

அப்போதுதான் அண்ணன் வந்தான்.

"நைனா செத்தத வேடிக்கை காட்டுறியா நீ?"

முதல் உதை விலாவில் விழுந்தது. இரண்டாவது காதில். பிறகு வலையோடு சேர்த்து என்னைத் தண்ணீருக்குள் இழுத்தான். பிடரியில் கை வைத்து அழுத்தினான். வாய்க்குள் சேறு.

சென்னை ஆட்கள் இதையும் நிகழ்ச்சி என்று எண்ணி, போனைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார்கள். ஊர்க்காரர்கள் அண்ணன் தங்கை சண்டை என்று நின்றார்கள். தலை மேலே வந்தபோது நான் கத்தியிருக்கலாம். கத்தவில்லை. கேட்காமலேயே ஒருவராவது வருவார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

வந்தது, ஏரியில் கையால் நண்டு பிடித்து விற்கும் ஓர் அம்மா. "டேய், மூச்சு வாங்கலடா அவ! செத்துப் பூடுவாடா!" என்று பாய்ந்து அண்ணனின் மணிக்கட்டைக் கடித்தாள். பிடி விட்டது. கரைக்கு ஓடிக் கத்தியை எடுத்துவந்து வலையை அறுத்தாள். அந்த வேகத்தில் என் முழங்கையும் அறுபட்டது. நான் நிமிர்ந்து தண்ணீராகக் கக்கினேன்.

பின்னால் கைத்தட்டல் கேட்டது.

அந்த அம்மா திரும்பிப் போய், தட்டியவன் கன்னத்தில் ஈரக்கையால் ஓங்கி அறைந்தாள்.

"இன்னாத்துக்குய்யா தட்டுற? ஒரு பொண்ணு சாவுறா!"

பொன்னேரி ஆஸ்பத்திரியில் முழங்கைக்குத் தையல் போட்டார்கள். விலா எலும்பு விரிசல் விட்டிருந்தது. அன்று சாயங்காலமே அண்ணன் வந்தான். கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"நீ ஒரு வார்த்த கத்திருந்தா வுட்ருப்பேன்."

"கத்துனாதான் வுடுவியாண்ணா?"

கட்டிலின் இரும்பில் நெற்றியை முட்டி முட்டி அழுதான். தையல் போட்ட கையைத் தூக்க முடியவில்லை. மற்ற கை சும்மாதான் கிடந்தது. அதையும் நான் தூக்கவில்லை.

அந்த வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. சென்னையில் ஒரு கலைக்கூடத்தில், அண்ணன் இடத்தில் ஒரு நடிகரை வைத்து மறுபடி செய்யச் சொல்லிக் கேட்டார்கள். முடியாது என்றேன்.

நிகழ்ச்சிகளை நான் விட்டுவிடவில்லை. ஆனால் இப்போதெல்லாம் அசையாமல் கிடப்பதில்லை. எந்தக் கை உதவ நீளும் என்று, வந்திருப்பவர்களின் கைகளையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.